5000 வாட் அன்ரெனா, 4 வாட் றேடியோ

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ட்ரக் ஓட்டுகிற பிள்ளைகளுடையவை. பனிக்காலம் வரப்போகிறது என்று எனக்குச் சொல்வது கலண்டர் அல்ல, இந்தக் கடிதங்கள்தான். அதனால் இம்முறை டிவி, மைக்ரோவேவ் கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு ட்ரக்காரர் வழியில் ஒருவரோடொருவர் பேசுகிற சிபி றேடியோவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணை, நான் ரொறன்ரோவிலிருந்து வினிப்பெக்குக்கு ஓடுகிறேன். வைத்திருப்பது சாதாரண 40 சனல் சிபி, 4 வாட். வழியில் ஒரு கடையில் 5000 வாட் என்று பெட்டியில் போட்டிருந்த அன்ரெனா ஒன்று வாங்கிப் பூட்டினேன். கூட ஓடுகிற நண்பர், 4 வாட்டுக்கு இவ்வளவு பெரிய அன்ரெனா பொருந்தாது, சிக்னல் அதற்குள்ளேயே செத்துப்போகும், றேடியோவும் எரியும் என்கிறார். கழற்றவா? — பிரம்ரன் வாசகர்

பதில்: கழற்ற வேண்டாம் தம்பி. நண்பர் சொன்னது பிழை. 5000 என்ற எண்ணைப் பார்த்து நீங்கள் காசு கொடுத்ததும் பிழைதான்.

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் லொறியும் போகிறது, சைக்கிளும் போகிறது. பாலம் லொறியைத் தாங்கும் என்பதற்காகச் சைக்கிளின் வேகம் கூடாது, குறையவும் மாட்டாது. அன்ரெனாப் பெட்டியில் இருக்கிற வாட் அதுபோலத்தான். அது தாங்கும் கணக்கு, தரும் கணக்கு இல்லை. அடியில் இருக்கிற சுருளை உருகவிடாமல் எவ்வளவு சக்தி செலுத்தலாம் என்றுதான் அந்த எண் சொல்கிறது. சுருளின் கம்பி தடிப்பாக இருந்தால் சூடாக வீணாவது கொஞ்சம் குறையும், அந்த அளவுக்கு உங்களுக்கு லாபம். மற்றப்படி சட்டப்படி ஏஎம்மில் விடக்கூடியது 4 வாட், அதைத் தாங்காத அன்ரெனாவை நான் இதுவரை கண்டதில்லை.

அப்படியென்றால் றேடியோவுக்கு அன்ரெனாவைப் பொருத்துவது என்றால் என்ன? நீளத்தைப் பொருத்துவது. சிபி வேலை செய்வது 27 மெகாஹேர்ட்ஸில், அலையின் நீளம் ஏறக்குறைய 11 மீற்றர். அதில் கால்வாசி, அதாவது 9 அடிக் கம்பி நின்றால் அது இயல்பாக அதிரும். ட்ரக்கின் பக்கக் கண்ணாடித் தண்டில் 9 அடி நட்டால் முதல் பாலத்திலேயே அடிபடும். அதனால்தான் 4 அடிக் கம்பியில் சுருளைச் சுற்றி, 9 அடி என்று றேடியோவை நம்பவைக்கிறார்கள். அந்த நம்பவைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் எஸ்டபிள்யூஆர் மீற்றர். அனுப்பிய சக்தியில் எவ்வளவு வெளியே போகாமல் றேடியோவுக்கே திரும்பி வருகிறது என்று அது காட்டும், எண் கூடினால் திரும்பி வருவதும் கூடும்.

றேடியோவுக்கும் அன்ரெனாக் கேபிளுக்கும் நடுவில் மீற்றரைக் கொழுவுங்கள். கராஜுக்குள் வேண்டாம், வெளி நிலத்தில் நிறுத்திக் கதவுகளைச் சாத்துங்கள். பக்கத்தில் ஆள் நின்று வேடிக்கை பார்த்தாலே ஊசி மாறும். முதலாம் சனலில் வைத்து மைக்கை அழுத்திப் பிடித்தபடி குமிழைத் திருகி ஊசியைச் செற் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். சுவிட்சை மறுபக்கம் தட்டினால் கிடைப்பது உங்கள் எண். எழுதிவைத்துவிட்டு 40ஆம் சனலிலும் அதையே செய்யுங்கள். 40இல் எண் கூட இருந்தால் அன்ரெனா நீளம், குறையுங்கள். முதலாம் சனலில் எண் கூட இருந்தால் கட்டை, நீட்டுங்கள். கால் அங்குலத்துக்கு மேல் ஒரே தரத்தில் அசைக்கக் கூடாது. வெட்டுகிற வகைக் கம்பி என்றால் அதிலும் பாதி, ஏனென்றால் வெட்டியதை ஒட்ட முடியாது. இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே எண், அதுவும் 1.5க்குள் என்றால் மீற்றரைக் கழற்றிவைத்துவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள். 1.5 என்றால் திரும்பி வருவது நூற்றுக்கு 4, அதற்காக நித்திரை முழிக்கத் தேவையில்லை. 2 என்றால் நூற்றுக்கு 11. 3 என்றால் கால்வாசி திரும்பி வருகிறது. அந்த நிலையில் மைக்கை அழுத்திக்கொண்டு கதை பேசாதீர்கள்.

கேள்வி: நீங்கள் சொல்கிற மாதிரித்தான் செய்தேன். முதலாம் சனலிலும் 3க்கு மேல், 40இலும் 3க்கு மேல். நுனியை எவ்வளவு திருகினாலும் ஊசி அசையவில்லை. அன்ரெனா பழுதா? — மார்க்கம் வாசகர்

பதில்: அன்ரெனாவைக் குற்றம் சொல்ல முன்னர் அது நிற்கிற இடத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரேயளவாக உச்சத்தில் நிற்கிறதென்றால், பத்தில் எட்டுத் தரம் அது எர்த் பிரச்சினை, அதாவது அன்ரெனாவின் அடி ட்ரக்கின் இரும்போடு சேரவில்லை.

போன பனிக்காலத்துக்கு முன்னர் ஒருவர் இப்படித்தான் மூன்றாவது அன்ரெனாவோடு என் கராஜுக்கு வந்தார். ஒவ்வொன்றும் முந்தினதைவிட விலை கூட. நான் ஒன்றையும் திருகவில்லை. மல்ரிமீற்றரின் ஒரு முனையைக் கண்ணாடித் தண்டில் அன்ரெனா நிற்கிற தகட்டிலும் மற்றதைச் சட்டகத்திலும் வைத்தேன். தொடர்பு இருக்கிறது என்று பூச்சியம் காட்ட வேண்டிய மீற்றர், தொடர்பே இல்லை என்றது. புது ட்ரக்கில் கண்ணாடித் தண்டு மடிகிற இடத்தில் பிளாஸ்ரிக் வளையம் இருக்கிறது, கபினின் உடம்பு ஃபைபர். அதாவது அந்த 5000 வாட் அன்ரெனா கால் ஊன்ற இடமில்லாமல் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னல் செம்புப் பட்டி ஒன்றை எடுத்துத் தகட்டிலிருந்து சட்டகத்தின் இரும்பு வரைக்கும் இழுத்து, இரண்டு முனையிலும் பெயின்ரை வெள்ளி தெரியுமட்டும் சுரண்டி, பல்லுள்ள வாஷர் போட்டு இறுக்கினேன். ஊசி 3இலிருந்து 1.6க்கு விழுந்தது. நுனியை இரண்டு சுற்று இறக்க 1.3. செலவு ஒரு முழப் பட்டி. அவர் முதலில் வாங்கின, மிக மலிவான அன்ரெனாவை மறுபடி பூட்டிப் பார்த்தோம், அதுவும் 1.4 காட்டியது. மனிசன் பேசாமல் நின்றார்.

எர்த் சரியாக இருந்தால் அடுத்தது நைலோன் வாஷர். தகட்டின் துளைக்குள் தோள் இறங்குகிற மாதிரி அது உட்கார வேண்டும். தலைகீழாகப் போட்டால் நடு ஆணி தகட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும், அப்போதும் ஊசி உச்சத்தில்தான். கேபிளின் நடு ஊசிக்கும் வெளி ஓட்டுக்கும் இடையில் மீற்றரை வைத்துப் பாருங்கள். சில வகைச் சுருள்கள் பிறவியிலேயே அங்கே தொடர்பு காட்டும், அதனால் முதலில் அன்ரெனாவைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். கழற்றின பிறகும் தொடர்பு இருந்தால் வாஷர் அல்லது கேபிள்.

கேள்வி: கேபிள் சரியாக 18 அடிதான் இருக்க வேண்டுமா? எனக்கு 9 அடியே போதும். மிச்சத்தைச் சீற்றுக்குப் பின்னால் சுற்றி வைத்திருக்கிறேன். — ஏஜக்ஸ் வாசகர்

பதில்: ஒற்றை அன்ரெனா, எர்த் சரி என்றால் 9 அடி தாராளம். கேபிளை நீட்டி எஸ்டபிள்யூஆரைக் குறைத்தேன் என்பவர் மீற்றரை ஏமாற்றியிருக்கிறார், அன்ரெனாவைத் திருத்தவில்லை. இரண்டு கண்ணாடியிலும் இரண்டு அன்ரெனா வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே இரு கேபிளும் ஒரே நீளம், இரண்டும் 75 ஓம். ஒரு அன்ரெனாவைக் கழற்றி எறிந்துவிட்டு மற்றதை அதே கேபிளில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது பொருந்தாது. ஒற்றைக்கு 50 ஓம் கேபிள் தனியாக வாங்குங்கள்.

கேள்வி: றேடியோவின் சக்தியைப் பெருக்குகிற 250 வாட் லீனியர் ஒன்று பழைய விலைக்கு வருகிறது. இருக்கிற அன்ரெனா 100 வாட். தாங்குமா? — பெயர் வேண்டாம்

பதில்: பெயர் வேண்டாம் என்று நீங்களே எழுதியதிலிருந்து பாதிப் பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் சிபியில் லீனியர் போடுவது சட்டத்துக்கு விரோதம். எல்லையைத் தாண்டுகிற ட்ரக்கில் அதை வைத்திருக்க எனக்கென்றால் மனம் வராது.

சட்டத்தை விட்டாலும் கணக்கு உதவாது. மற்றவருடைய றேடியோ மீற்றரில் ஒரு கோடு கூட ஏற உங்கள் சக்தி நாலு மடங்கு ஆக வேண்டும். 4 வாட் 16 ஆனால் ஒரு கோடு, 64 ஆனால் இரண்டு, 250 ஆனால் மூன்று. அவ்வளவுதான். இதற்கிடையில் உங்கள் காது 4 வாட் காதாகவே இருக்கும். நீங்கள் கூப்பிடுவது அவருக்குக் கேட்கும், அவர் தருகிற பதில் உங்களுக்குக் கேட்காது. பெட்டியில் இருக்கிற வாட் எண்ணுக்கு வேலை வருவதும் இந்த ஓர் இடத்தில்தான்: 100 வாட் சுருளுக்குள் 250ஐத் தள்ளினால் முதலில் பிளாஸ்ரிக் மணக்கும், பிறகு சுருள் போகும். 90களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி பிபிசி கேட்டவன் நான், வாட்டைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை. அந்தக் காசுக்கு இப்போதையதைவிட ஓர் அடி நீளம் கூடிய கம்பி வாங்குங்கள், சுருள் கபின் கூரைக்கு மேலே நிற்கட்டும். அது பேசுவதையும் கூட்டும், கேட்பதையும் கூட்டும்.

கேள்வி: என் கணவர் ட்ரக்கில் 40 வருசத்துக்கு முந்தின சாமானுக்கு இன்னும் காசு செலவழிக்கிறார். கையில் ஃபோன் இருக்கும்போது இது எதற்கு? — ஸ்காபரோ வாசகி

பதில்: தங்கச்சி, 40 சனல் வந்தது 1977இல், அதனால் நீங்கள் சொன்னதைவிடக் கூடப் பழசு. சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே 17ஆம் நெடுஞ்சாலையில், வாவா பக்கம் போகும்போது ஃபோனில் ஒரு கோடும் இல்லாத நீளங்கள் வரும். முன்னுக்கு ஒரு ட்ரக் ஐஸில் வழுக்கிக் குறுக்கே நின்றால் எதிரே வருகிறவர் 19ஆம் சனலில் சொல்வதுதான் செய்தி. நாலைந்து கிலோமீற்றர் முந்தித் தெரிந்தால் பிரேக்கை மெதுவாக மிதிக்கலாம். றேடியோவுக்குச் செலவழிக்கட்டும். மூன்றாவது அன்ரெனா வாங்கினால் மட்டும் என்னிடம் அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று. வைகாசியில் என் எஸ்டபிள்யூஆர் மீற்றரை இரண்டு நாளில் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போன தம்பி இதை வாசித்தால், பனி கொட்ட முன்னர் கொண்டுவந்து தரவும். வரிசையில் நாலு பேர் நிற்கிறார்கள்.