சொசைட்டியா, தனியாரா: பாலை எங்கே ஊற்றுவது?

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமம். மூன்று கலப்பினக் கறவை மாடுகள், நாளைக்குச் சுமார் 18 லிட்டர் பால். மாமியார் காலத்திலிருந்து ஆவின் சொசைட்டிக்குத்தான் ஊற்றுகிறோம். போன வருஷம் ஊர் முனையில் ஒரு தனியார் கொள்முதல் மையம் திறந்தார்கள். போர்டில் லிட்டர் 40 ரூபாய் என்று எழுதியிருக்கிறது, வாராவாரம் பணம். சொசைட்டி சிலிப்பில் 34, 35 ரூபாய்க்கு மேல் ஏறுவதில்லை, பட்டுவாடாவும் தள்ளிப்போகிறது. வீட்டுக்காரர் மாறிவிடலாம் என்கிறார். "கவர்ன்மென்ட் நடத்துறது எப்படித் தனியாரோட போட்டி போடும்?" என்று கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: மாறுவதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் போர்டைப் பார்த்து மாறாதீர்கள். போர்டில் இருப்பது ஒரு குறிப்பிட்ட தரத்துப் பாலுக்கான விலை. உங்கள் வாளியில் இருக்கும் பாலுக்கு என்ன விலை என்பதை, கொழுப்பையும் மற்றத் திடப்பொருளையும் பார்க்கும் டெஸ்ட்தான் சொல்லும்.

முதலில் சொசைட்டிக் கணக்கைச் சரியாகப் போடுங்கள். 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலை 32-லிருந்து 35 ரூபாய் ஆனது. 2023 டிசம்பர் 18 முதல் அதன் மேல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகையை அரசு அறிவித்தது. இந்த 3 ரூபாய் உங்கள் சிலிப்பில் சேர்ந்து வருகிறதா, வங்கிக் கணக்கில் தனியே விழுகிறதா? தனியே விழுந்தால் உங்களுக்குக் கிடைப்பது 34, 35 அல்ல, 37, 38. பாஸ்புக்கை வங்கிக்கு எடுத்துக்கொண்டு போய் வரவுகளைப் பதிந்து வாங்கிப் பாருங்கள். பலரும் ஒப்பிடும்போது இதைச் சேர்ப்பதே இல்லை.

அடுத்தது அளவு. ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ எடை. உங்கள் 18 லிட்டரைத் தராசில் வைத்தால் 18.5 கிலோ காட்டும். ஓரிடத்தில் லிட்டர் கணக்கு, இன்னோரிடத்தில் கிலோ கணக்கு என்றால், 35 ரூபாய் விலையில் நாளைக்கு 19 ரூபாய் வித்தியாசம் அதிலேயே வந்துவிடும். எந்தக் கணக்கு என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள்.

அப்புறம் டெஸ்ட். எஸ்.என்.எஃப்., அதாவது கொழுப்பு போக மிச்சமுள்ள திடப்பொருள், பல இடங்களில் நேரடியாக அளக்கப்படுவதில்லை. பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரின் டிகிரியையும் ஃபேட்டையும் (கொழுப்பையும்) ஒரு சூத்திரத்தில் போட்டு வரும் எண் அது. சூத்திரம் ஒன்றல்ல. டிகிரி 28, ஃபேட் 4 என்று வையுங்கள். டிகிரியில் கால் பங்கு, ஃபேட்டில் கால் பங்கு, அதோடு 0.44 கூட்டினால் எஸ்.என்.எஃப். 8.44. ஃபேட்டில் ஐந்தில் ஒரு பங்கு எடுத்து 0.36 கூட்டினால் 8.16. அதே மாடு, அதே பால். விலை அட்டையில் 8.2-க்குக் கீழே வெட்டு என்று இருந்தால், முதல் சூத்திரத்தில் முழு விலை, இரண்டாவதில் பிடித்தம். ஏமாற்று வேலை என்று சொல்லவில்லை. லாக்டோமீட்டர் வகைக்கும் வெப்பநிலைக்கும் தக்கபடி சூத்திரம் மாறும். ஆனால் எது என்று தெரியாமல் இரண்டு விலையை ஒப்பிட முடியாது. தானியங்கிப் பால் பகுப்பாய்வுக் கருவி இருக்கிற இடத்தில் சூத்திரத்தை அது தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் அதையும் அவ்வப்போது சரிபார்த்து வைத்திருக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு நாள் காலைப் பாலை ஒரே பாத்திரத்தில் கொட்டி நன்றாகக் கலக்குங்கள். பாதியைச் சொசைட்டிக்கும் பாதியைத் தனியாருக்கும் ஊற்றி, இரண்டு சிலிப்பையும் வாங்குங்கள். மாலையும் அப்படியே. நான்கைந்து நாள் செய்தால் போதும். கலக்காமல் ஊற்றினால் மேலே மிதக்கும் ஆடையெல்லாம் ஒரு பக்கம் போய்விடும். இன்னொன்று: கடைசியாகக் கறக்கும் பாலில்தான் கொழுப்பு அதிகம். கன்றுக்குக் கடைசிப் பாலை விடுவது நம் வழக்கம், அப்படி விடத்தான் வேண்டும். ஆனால் "ஃபேட் குறைகிறது" என்று செக்ரட்டரியோடு சண்டைக்குப் போவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் தனியார் கூடத் தந்தால்? அங்கேதான் உங்கள் வீட்டுக்காரரின் கேள்வி வருகிறது. அதை அவ்வளவு லேசாக விட முடியாது.

ஆவின் காகிதத்தில் அரசு நிறுவனம் அல்ல. கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்று மூன்றடுக்குக் கூட்டுறவு, உறுப்பினர்தான் உரிமையாளர். நடைமுறை வேறு. அதற்கென்று ஓர் அமைச்சர், இணையத்தின் தலைமையில் ஐ.ஏ.எஸ். அதிகாரி. கொள்முதல் விலையும் விற்பனை விலையும் அரசு அறிவிப்பாகத்தான் வருகின்றன. சங்கங்களும் ஒன்றியங்களும் தேர்தல் இல்லாமல் தனி அலுவலர்கள் கையில் ஆண்டுக்கணக்கில் இருந்த காலங்கள் உண்டு.

இதன் விளைவைப் பாருங்கள். 2021 மே மாதம் புதிய அரசு பதவியேற்ற அன்றே போட்ட உத்தரவுகளில் ஒன்று ஆவின் பால் விலையை 3 ரூபாய் குறைத்தது. மே 16 முதல் சமன்படுத்திய பால் லிட்டர் 43-லிருந்து 40 ரூபாய். நகரத்தில் பாக்கெட் வாங்குகிறவருக்கு நல்லது, சந்தேகமே இல்லை. தனியார் பால் நிறுவனங்கள் இதை நியாயமில்லாத போட்டி என்று சொல்ல இடம் இருக்கிறது. ஆனால் கறவைக்காரர் பக்கத்திலிருந்து பார்த்தால் அநியாயம் எதிர்த்திசையில் நடக்கிறது. விற்கும் விலையைக் கட்டிவைத்துவிட்டால் வாங்கும் விலையை எப்படி ஏற்றுவது? 2022-ல் தீவன விலை ஏறியது, தனியார் கொள்முதல் விலையை ஏற்றினார்கள், பால் அந்தப் பக்கம் ஓடியது. ஆவினும் நவம்பரில் ஏற்ற வேண்டியதாயிற்று. அதற்கு ஈடுகட்ட சமன்படுத்திய பாலைத் தொடவில்லை. நிறைகொழுப்புப் பால், அதாவது ஆரஞ்சு பாக்கெட், ஒரே அடியில் 48-லிருந்து 60 ரூபாய் ஆனது. அதுவும் போதவில்லை. 2023 மார்ச்சில் லிட்டருக்கு இன்னும் 7 ரூபாய் கேட்டு உற்பத்தியாளர்கள் பால் நிறுத்தப் போராட்டத்தில் இறங்கினார்கள். ஒன்பது மாதம் கழித்து வந்ததுதான் அந்த 3 ரூபாய் ஊக்கத்தொகை, அரசுக் கஜானாவிலிருந்து.

ஆக, ஆவின் காலில் சங்கிலி போட்ட அரசின் கையே ஊன்றுகோலையும் கொடுக்கிறது. சங்கிலியைப் பார்க்கிறவர் "அரசு நிறுவனம் போட்டி போடவே முடியாது" என்கிறார். ஊன்றுகோலைப் பார்க்கிறவர் "அரசுப் பணத்தில் எங்களை நசுக்குகிறார்கள்" என்கிறார். இரண்டு பேரும் பாதி சரி.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்றும் சில வாசகர்கள் கேட்பதுண்டு. 2002-ன் போட்டிச் சட்டம் அரசு நிறுவனங்களுக்கும் பொருந்தும். மத்திய அரசின் நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவின் வழக்கில் 2023 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அரசு என்பதற்காகத் தனிச் சலுகை கிடையாது. ஆனால் மலிவாக விற்பது மட்டுமே குற்றமாகிவிடாது. சந்தையை ஆளும் நிலையில் இருந்துகொண்டு அதைத் தவறாகப் பயன்படுத்த வேண்டும். தமிழ்நாட்டில் கறக்கும் பாலில் ஆவின் வாங்குவது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதை ஆதிக்கம் என்று நிரூபிப்பது கஷ்டம்.

என் கருத்தைக் கேட்டால், மானியம் தருவதால் மட்டும் போட்டி கெட்டுவிடுவதில்லை. வேலையைச் சுமத்திவிட்டு அதற்கான விலையைச் சொல்லாமல் இருப்பதுதான் கெடுக்கிறது. நகரத்துக்கு மலிவுப் பால் வேண்டுமென்றால் அதற்கு லிட்டருக்கு இவ்வளவு என்று பட்ஜெட்டில் வைத்து, மாதாமாதம் ஆவினுக்குக் கட்டிவிட வேண்டும். சந்தையிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் சின்ன ஊர்ப் பாலையும் எடுக்கச் சொன்னால் அதற்கும் அப்படியே. மிச்சத்தில் ஆவின் தனியாரோடு மோதட்டும். கர்நாடகத்தில் 2008-ல் லிட்டருக்கு 2 ரூபாயாகத் தொடங்கிய அரசு ஊக்கத்தொகை பிறகு 5 ரூபாயானது. அது நேராக உற்பத்தியாளர் கணக்குக்குப் போகிறது, அதனால் யாருக்கு எவ்வளவு என்பதில் ஒளிவுமறைவு குறைவு. பணம் பல மாதம் நிலுவையாகிவிடுகிறது என்பதுதான் அங்கே தீராத புகார். உங்கள் பட்டுவாடா தாமதமும் அதே நோயின் இன்னொரு முகம்.

குஜராத்தின் அமுலும் கூட்டுறவுதான். ஆனால் அங்கே பாக்கெட் விலையை அமைச்சர் அறிவிப்பதில்லை. 2023 மே மாதம் அமுல் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் பால் கொள்முதல் தொடங்கியபோது, நிறுத்தச் சொல்லி முதலமைச்சர் மத்திய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். கூட்டுறவுகள் ஒன்றின் எல்லைக்குள் இன்னொன்று நுழையக்கூடாது என்ற மரபு அதன் அடிப்படை. ஒன்றியத்துக்கு அது நியாயமாகப் படலாம். பால் ஊற்றுகிறவருக்கு, வாங்க வரும் ஆள் ஒருவர் குறைகிறார், அவ்வளவுதான்.

அப்படியென்றால் சொசைட்டியை விட்டுவிடலாமே என்பீர்கள். 2020 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். ஊரடங்கில் டீக்கடையும் ஹோட்டலும் மூடின. தனியார் பலர் கொள்முதலைக் குறைத்தார்கள், விலையையும் இறக்கினார்கள். அந்தப் பால் சொசைட்டிப் பக்கம் திரும்பியது, ஆவின் கொள்முதல் ஏறியது. தனியார் விலை பால்பவுடர், வெண்ணெய் விலையோடு ஏறி இறங்கும். ஏறும்போது சொசைட்டியைவிட மேலே போகும், இறங்கும்போது கீழே போகும். அது அவர்கள் குற்றமில்லை, தொழில் அப்படி. சொசைட்டி விலை மந்தமாக நகரும், ஆனால் ஒரு தரை போல நிற்கும். ஊர் முனை மையம் 40 ரூபாய் போர்டு வைத்திருப்பதற்கு ஒரு காரணம், தெருவுக்கு அந்தப் பக்கம் உங்கள் சொசைட்டி திறந்திருப்பது. அதேபோல, தனியார் வந்த ஊர்களில்தான் பல சொசைட்டிகள் சிலிப் ஒழுங்காகத் தரக் கற்றுக்கொண்டன. வாராவாரம் பணம், பால் ஊற்றியதும் போனில் மெசேஜ் என்பதெல்லாம் தனியார் பழக்கிய நல்ல பழக்கங்கள். அவற்றைச் சொசைட்டியிடமும் கேட்டு வாங்க வேண்டும்.

சரி, இனி உங்கள் 18 லிட்டருக்கு வருவோம். பிரித்து ஊற்றிய சிலிப்புகளில், ஊக்கத்தொகையையும் சேர்த்து, தனியார் பக்கம் லிட்டருக்கு ஒரு ரூபாய்தான் கூட என்றால் அசையாதீர்கள். அந்த ஒரு ரூபாய் வருஷத்துக்கு 6,570 ரூபாய். சொசைட்டி உறுப்பினராக உங்களுக்குக் கிடைக்கும் போனஸ், மானியத்தில் மாட்டுக் காப்பீடு, கால்நடை மருத்துவர் வருகை, சினை ஊசி, தீவனம் எல்லாவற்றையும் போன வருஷம் என்ன கிடைத்தது என்று எழுதிப் பாருங்கள். "கிடைக்கும் என்கிறார்கள்" என்பதை எழுதாதீர்கள், கைக்கு வந்ததை மட்டும் எழுதுங்கள். பெரும்பாலும் அது அந்தத் தொகைக்குப் பக்கத்தில் வந்துவிடும். மூன்று ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வருஷம் முழுக்க நின்றால் வருஷத்துக்கு 20,000 ரூபாய் பக்கம் வரும். அந்தப் பணத்தை விட்டுக்கொடுக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. அப்போது ஒரு வேளைப் பாலைத் தனியாருக்கும் ஒரு வேளைப் பாலைச் சொசைட்டிக்கும் ஊற்றுங்கள். ஓட்டுரிமைக்கும் போனஸுக்கும் வருஷத்தில் எத்தனை நாள், எத்தனை லிட்டர் ஊற்ற வேண்டும் என்று உங்கள் சங்கத்தின் துணைவிதியில் (பைலாவில்) இருக்கும். செக்ரட்டரியிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல் துணைவிதியைக் காட்டச் சொல்லிப் படித்துவிட்டுப் பிறகு பிரியுங்கள்.

எதைச் செய்தாலும் ஒன்றில் மட்டும் கவனம். மாடு வாங்க அட்வான்ஸ் தருகிறோம் என்று எந்த மையமாவது சொன்னால், கடன் தீரும்வரை அங்கேயே ஊற்ற வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா, அந்தக் காலத்தில் விலை இறங்கினால் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். அட்வான்ஸ் வாங்கிய மறுநாளிலிருந்து உங்களுக்குப் போட்டி என்பதே கிடையாது. ஒரே ஒரு வாங்குகிறவர்தான். கறவை மாட்டுக் கடன் தேவைப்பட்டால் வங்கியில் கால்நடை வளர்ப்புக்கும் கிசான் கடன் அட்டை தருகிறார்கள், அதைக் கேளுங்கள்.

பட்டுவாடா தாமதத்துக்கு, எந்தத் தேதி வரை பணம் வந்தது, எத்தனை நாள் பாக்கி என்று எழுதி, உங்களோடு ஊற்றும் நாலைந்து பேர் கையெழுத்தோடு ஒன்றியப் பொதுமேலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நகல் ஒன்றை மாவட்டப் பால்வளத் துணைப்பதிவாளருக்கும் போடுங்கள். ஊர் முனையில் தனியார் மையம் திறந்திருக்கிறது, பாதிப் பால் அங்கே போகப் போகிறது என்ற வரியையும் மறக்காமல் சேருங்கள். அதைப் படித்தால்தான் ஒன்றியத்தில் ஃபைல் நகரும்.