கயிற்றில் இறங்கும் முன்: வாசகர் கேள்விகள்

கே: ஜூலையில் அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். யூட்டா மாநிலத்து மோவாபில் வழிகாட்டியோடு கேனியனியரிங் (குறுகலான பள்ளத்தாக்கில் நடந்தும் கயிற்றில் இறங்கியும் போவது) போக முன்பதிவு செய்திருக்கிறான். எனக்கு 52 வயது. கயிற்றைத் தொட்டதே இல்லை. எப்படித் தயாராவது? (வாசகி, கோவை)

ப: மோவாபில் புதியவர்களைப் பெரும்பாலும் எஃபெட்ராஸ் குரோட்டோ என்ற பள்ளத்தாக்குக்குத்தான் கூட்டிப்போவார்கள். ‘மெடீவல் சேம்பர்’ என்றும் சொல்வதுண்டு. அங்கே கயிற்றில் இறங்க வேண்டியது இரண்டே இடம், ஒவ்வொன்றும் சுமார் 100 அடி. இரண்டாவது, மார்னிங் குளோரி என்ற இயற்கைப் பாலத்தை ஒட்டியது. அங்கே பாறையில் கால் படாமல் தொங்கியபடி இறங்குவீர்கள். மீதியெல்லாம் நடையும், பாறையில் உட்கார்ந்து சறுக்கி இறங்குவதும்தான்.

அதனால் கை பலத்தைவிட தொடையும் முட்டியும்தான் முக்கியம். இப்போதே தொடங்குங்கள்: வாரம் மூன்று நாள், 4 கிலோ பையை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி, மெதுவாக இறங்குங்கள். மறுநாள் தொடை வலிப்பது இறங்கியதால்தான். கை ஊன்றாமல் தரையில் உட்கார்ந்து எழவும் பழகுங்கள்.

உங்களைக் கயிற்றோடு இணைக்கும் ஹார்னஸின் பெல்ட் இடுப்பெலும்புக்கு மேலே இருக்க வேண்டும். இறுக்கியபின் உள்ளங்கை நுழையலாம், முஷ்டி நுழையக்கூடாது. கயிற்றில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது இடுப்பருகே கீழ்க்கயிற்றைப் பிடித்திருக்கும் கை. அதை எந்தக் காரணத்துக்கும் விடாதீர்கள். பயத்தில் எல்லோரும் மேல்கையால் கயிற்றை இறுக்குவார்கள். அதனால் பிரேக் விழாது, கைதான் சோர்ந்துபோகும். கால்களைத் தோள் அகலம் அகட்டி, நாற்காலியில் உட்காருவதுபோல் பின்னால் சாயுங்கள். நிமிர்ந்து நின்றால் கால் வழுக்கி, முட்டி பாறையில் மோதும். விளிம்பைத் தாண்டும் முதல் அடிதான் கஷ்டம். கீழே ஒருவர் உங்கள் கயிற்றைப் பிடித்திருக்கச் சொல்லுங்கள். நீங்கள் கையை விட்டாலும் அவர் இழுத்துப் பிடித்தால் அங்கேயே நிற்பீர்கள்.

பின்னலைச் சட்டைக்குள் விடுங்கள். துப்பட்டா வேண்டாம். தாலிக்கொடியும் உள்ளே இருக்கட்டும். மோதிரம், வளையலை அறையிலேயே கழற்றி வையுங்கள். கயிறு ஓடும் டிசென்டரில் (ஹார்னஸில் மாட்டும் இறங்கு கருவி) முடி சிக்கினால், உங்கள் முழு எடையும் அதில் தொங்கும்போது எடுக்கவே முடியாது.

கே: பாலைவனம்தானே, சில பயணங்களுக்கு வெட்ஸூட் (குளிர்நீரில் உடல் சூட்டைக் காக்கும் இறுக்கமான ரப்பர் உடை) கேட்கிறார்களே? (வாசகர், டல்லாஸ்)

ப: மேலே 38 டிகிரி வெயில் அடித்தாலும் குறுகலான பள்ளத்தாக்கின் அடியில் சூரியனே படாது. குழிகளில் தேங்கிய நீர் சில்லென்று இருக்கும். அதில் மார்பளவு நின்றவருக்குக் கோடையிலும் நடுக்கம் எடுக்கும், விரல் மரத்துக் கொக்கியைத் திறக்க முடியாமல் போகும். எஃபெட்ராஸ் போன்ற வறண்ட வழிக்கு வெட்ஸூட் தேவையில்லை. எதுவானாலும் ஜீன்ஸ், பருத்தி பனியன் கூடாது, நனைந்தால் காயாது. மணற்கல் துணியைத் தேய்த்துக் கிழித்துவிடும் என்பதால் பழைய பாலியெஸ்டர் பேன்ட் போதும்.

தண்ணீர் ஆளுக்கு 4 லிட்டர். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். உப்புக்கடலையோ எலக்ட்ரோலைட் பொடியோ கூடவே இருக்கட்டும்.

கே: வழிகாட்டியிடம் முதலில் என்ன கேட்பது?

ப: “எந்த நிலைமையில் பயணத்தை ரத்து செய்வீர்கள்? பணம் திரும்பக் கிடைக்குமா?” ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே மழைக்காலம். பாறை நீரை உறிஞ்சாது. எங்கோ பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளமாக வரும். 1997 ஆகஸ்டில் அரிசோனாவின் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 11 பேர் இறந்தது அப்படித்தான். 2015 செப்டம்பரில் யூட்டாவின் சயான் தேசியப் பூங்காவில் உள்ள கீஹோல் பள்ளத்தாக்கில் வெள்ளத்தில் 7 பேர் இறந்தார்கள். மோவாப் ஊர் வானிலை மட்டும் போதாது, மேலே நீர் வடிந்து வரும் நிலப்பரப்பின் வானிலையையும் பார்க்க வேண்டும். காலையிலேயே கிளம்பும் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள்; இடிமழை அதிகம் பிற்பகலில்தான்.

கே: சயானுக்குள் வழிகாட்டி கிடைப்பாரா?

ப: மாட்டார். பூங்காவுக்குள் கேனியனியரிங்குக்குக் கட்டண வழிகாட்டிகளுக்கு அனுமதி இல்லை. வழிகாட்டி நிறுவனங்கள் பூங்கா எல்லைக்கு வெளியே உள்ள பள்ளத்தாக்குகளுக்குத்தான் கூட்டிப்போகும்.

கே: வழியில் கழிப்பறை?

ப: இருக்காது. மலத்தைப் பையில் கட்டித் திரும்ப எடுத்துவர வேண்டும். அதற்கான பை வழிகாட்டியிடம் இருக்கிறதா என்று கிளம்பும்போதே கேளுங்கள். மார்னிங் குளோரிக்குக் கீழே மட்டும் ஒதுங்கப் புதருக்குள் போகாதீர்கள். அங்கே பாய்சன் ஐவி மண்டிக் கிடக்கிறது. காம்புக்கு மூன்று சிற்றிலை இருக்கும். பட்டால் ஓரிரு நாளில் கொப்புளம் வரும்.