சக்கையில் குளுக்கோஸ் ஒரு நாளுக்கு மேல் ஏறாமல் நிற்பது பற்றி

கரும்புச் சக்கையைச் செல்லுலேஸ் நொதியால் குளுக்கோஸாக உடைக்கும்போது ஒரு நாளுக்குப் பிறகு குளுக்கோஸ் ஏறவில்லை என்று கேட்டிருந்தீர்கள். செல்லுலேஸை இன்னும் கூட்டாதீர்கள், இருமடங்கு போட்டும் ஏறவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். செல்லோபயோஸை (இரண்டு குளுக்கோஸ் இணைந்த சர்க்கரை) குளுக்கோஸாகப் பிரிக்கும் பீட்டா-குளுக்கோசிடேஸ் நொதியைச் சேர்த்துப் பாருங்கள்.

ட்ரைக்கோடெர்மா ரீசி பூஞ்சையின் செல்லுலேஸில் இந்த நொதி இயல்பாகவே குறைவு, அதனால் கரும்புச் சக்கையின் இழை செல்லோபயோஸ் வரை உடைந்து அங்கேயே தேங்கும், தேங்கிய செல்லோபயோஸ் செல்லுலேஸையே தடுத்துவிடும். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரிலிருந்து எடுத்தது தனியாகவே விற்கிறார்கள்.

வாங்கும் முன் ஒரு சோதனை, பக்கத்து ஆய்வகத்தில் இந்த நொதி ஒரு துளி கடன் கிடைத்தால் போதும்:

1. நின்றுபோன கலவையை மையவிலக்கில் சுற்றி, தெளிந்த நீரை மட்டும் இரண்டு குழாய்களில் எடுங்கள்.
2. ஒன்றில் மட்டும் நொதி சேர்த்து, இரண்டையும் 50 டிகிரியில் 2 மணி நேரம் வையுங்கள்.
3. குளுக்கோஸை ஜிஓடி-பிஓடி கிட்டில் (குளுக்கோஸை மட்டும் காட்டும் நொதிச் சோதனை) அளவிடுங்கள். டிஎன்எஸ் சர்க்கரைச் சோதனை வேண்டாம், அது செல்லோபயோஸுக்கும் நிறம் காட்டும்.

நொதி சேர்த்த குழாயில் மட்டும் நன்றாக ஏறினால் காரணம் இதுதான்.

ஆனால் உங்களுடையது செல்லிக் சிடெக்2 மாதிரி கலப்பு நொதி என்றால் அதில் பீட்டா-குளுக்கோசிடேஸ் ஏற்கெனவே இருக்கும். அப்படியானால் சக்கையில் உள்ள லிக்னின் (செடிக்கு மரத்தன்மை தரும் பொருள்) நொதியைப் பிடித்துக்கொள்கிறதா என்று பாருங்கள், அப்புறம் முன்பு சக்கைக்குப் போட்ட சோடா சரியாகக் கழுவப்படாமல் பிஎச் 5-ஐத் தாண்டி ஏறியிருக்கிறதா என்றும். பிஎச்-ஐ பஃபரில் (பிஎச்-ஐ நிலையாக வைக்கும் கரைசல்) பார்க்காமல் சக்கை போட்ட பிறகு பாருங்கள்.