விமர்சகர்கள் மோசம் என்று தீர்ப்பளித்த கேம்களை அந்தத் தீர்ப்பை நம்பி ஒதுக்கிவிடலாமா?

கேள்வி கேட்டவர் மூன்று மதிப்பெண்களை எடுத்துக்காட்டியிருக்கிறார். நின்டெண்டோ 64 என்ற கேம் கருவிக்கு வந்த சூப்பர்மேனுக்கு கேம்ஸ்பாட் என்ற விமர்சனத் தளம் கொடுத்த 1.3, பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த காட் ஹேண்டுக்கு ஐஜிஎன் என்ற இன்னொரு விமர்சனத் தளம் கொடுத்த 3, எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த டெட்லி பிரிமோனிஷனுக்கு அதே ஐஜிஎன் கொடுத்த 2. எல்லாம் பத்துக்கு. மூன்றும் ஒரே அளவில் மோசமானவையா என்று கேட்கிறார். மூன்றையும் ஆடியவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் தீர்ப்பை அப்படியே நம்பலாம், இரண்டாவது தவறான தீர்ப்பு, மூன்றாவதில் விமர்சகர் அடுக்கிய குறைகள் அத்தனையும் உண்மை, ஆனால் 2 என்ற எண் உண்மையில்லை.

சூப்பர்மேன் 1999-இல் டைட்டஸ் நிறுவனம் வெளியிட்டது. வில்லன் லெக்ஸ் லூதர் ஒரு மெய்நிகர் மெட்ரோபாலிஸ் நகரத்தை உருவாக்கி அதற்குள் சூப்பர்மேனின் நண்பர்களான லோயிஸ் லேன், ஜிம்மி ஓல்சன், பேராசிரியர் ஹாமில்டன் ஆகியோரை அடைத்துவைக்கிறான் என்பது கதை. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நண்பர் வீட்டில் பழைய கேட்ரிட்ஜைப் போட்டு நான் ஆடிப் பார்த்தேன். தொடங்கியதும் வானத்தில் வரிசையாக வளையங்கள் தெரிகின்றன. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, அவற்றுக்குள் ஒவ்வொன்றாகப் புகுந்து பறக்க வேண்டும். கன்ட்ரோலரின் ஸ்டிக்கைச் சற்றே சாய்த்தால் சூப்பர்மேன் அசைய மறுக்கிறார். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் வளையத்தைத் தாண்டி எங்கோ போய்விடுகிறார். நகரம் முழுவதும் பச்சை மூட்டம். தூரத்துக் கட்டடங்களைக் கருவியால் வரைந்து காட்ட முடியாததை மறைக்கப் போட்ட மூட்டம் அது; அதற்குக் கதையிலேயே கிரிப்டோனைட் மூடுபனி என்று ஒரு காரணத்தையும் கட்டிவிட்டார்கள். அந்தச் சாமர்த்தியத்தை மட்டும் நான் ரசித்தேன். இருபது நிமிடம் கழித்து நண்பரிடம் கன்ட்ரோலரைக் கொடுத்தேன். அவர் ஐந்தே நிமிடத்தில் திருப்பிக் கொடுத்தார்.

சூப்பர்மேன் பாத்திரத்தின் உரிமையாளர்கள் விதித்த கட்டுப்பாடுகளால்தான் கேம் இப்படி ஆனது, சூப்பர்மேன் நிஜ மனிதர்களை அடிப்பதாகக் காட்டக் கூடாது என்பதால்தான் மெய்நிகர் உலகம் வந்தது என்று டைட்டஸ் தரப்பில் பின்னாளில் விளக்கம் சொன்னார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த விளக்கம் தெரிந்த பிறகும் வளையத்துக்குள் புகுவது எளிதாகிவிடவில்லை. விமர்சகர் எழுதிய குறையை விமர்சனமே படிக்காத ஒருவரும் பத்து நிமிடத்தில் தன் கையால் கண்டுபிடித்துவிடுகிறார் என்றால், அந்தத் தீர்ப்பில் ரசனைக்கு இடமே இல்லை. ஐஜிஎன் அதற்கு 3.4 கொடுத்தது. 1.3-க்கும் 3.4-க்கும் நடுவில் இருப்பது விமர்சகரின் இரக்கம் மட்டும்தான் என்பது என் எண்ணம்.

கையடக்கக் கருவிகளில் இதற்கு இணையாக நான் சொல்வது, 2012 நவம்பரில் பிளேஸ்டேஷன் விட்டாவுக்கு வந்த கால் ஆஃப் டியூட்டி: பிளாக் ஆப்ஸ் டீகிளாசிஃபைட். பல விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுத்துச் சராசரி காட்டும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் அதன் சராசரி நூற்றுக்கு 33. இரண்டு அனலாக் ஸ்டிக் உள்ள கையடக்கக் கருவியில் கால் ஆஃப் டியூட்டி என்ற புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டை வரிசையின் கேம் என்றதும் எல்லோருக்கும் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. வந்ததோ, மொத்தமாகச் சேர்த்தாலும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் துண்டு துண்டான மிஷன்கள். நடுவில் செக்பாயின்ட் கிடையாது, செத்தால் மிஷனை முதலிலிருந்து ஆட வேண்டும். நிஹிலிஸ்டிக் என்ற அதே ஸ்டுடியோவிடமிருந்து அதே ஆண்டு மே மாதத்தில்தான் ரெசிஸ்டன்ஸ்: பர்னிங் ஸ்கைஸ் என்ற கேமும் வந்திருந்தது. ஒரே ஸ்டுடியோ ஆறு மாத இடைவெளியில் இரண்டு துப்பாக்கிச் சண்டை கேம்களை வெளியிட்டால் இரண்டாவது எந்த நிலையில் வரும் என்பதை ஊகிப்பது கடினமில்லை.

இனி காட் ஹேண்ட். 2006-இல் கேப்காமின் குளோவர் ஸ்டுடியோவில் ஷின்ஜி மிகாமி இயக்கியது. ஐஜிஎன் விமர்சனத்தைப் படித்துவிட்டுத்தான் நான் இதை ஆடத் தொடங்கினேன். ஆகவே முதல் ஒரு மணி நேரம் விமர்சகர் சொன்னது அத்தனையும் சரியென்றே பட்டது. கேமரா நாயகன் ஜீனின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்னாலிருந்து எவன் வருகிறான் என்று தெரிவதில்லை. இடங்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. வலது ஸ்டிக்கைத் தள்ளினால் கேமரா திரும்பும் என்று எதிர்பார்த்தால் ஜீன் குனிகிறான் அல்லது பக்கவாட்டில் பாய்கிறான். இதைக் குறை என்று எழுதுவது எளிது. ஆனால் இந்தக் கேமின் உயிரே அந்த ஸ்டிக்கில்தான் இருக்கிறது. எதிரியின் கை ஓங்கும்போது உடலை மட்டும் சாய்த்து அடியைத் தவிர்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே நின்று திருப்பி அடிப்பதற்காகத்தான் கேமராவைப் பிடுங்கி அந்த இடத்தில் தப்பிக்கும் அசைவுகளை வைத்திருக்கிறார்கள். எந்த அடிக்குப் பின் எந்த அடி வர வேண்டும் என்பதை நாமே வரிசைப்படுத்திப் பட்டனில் பொருத்தலாம். நன்றாக ஆடினால் திரையின் ஓரத்தில் உள்ள அளவுமானி ஏறி எதிரிகள் மூர்க்கமாகிறார்கள். கடைசிப் படிக்குப் பெயரே ‘டை’, அதாவது சாவு. அடிவாங்கினால் அது இறங்கிவிடும். அதை இறங்கவிடாமல் ஒரு சண்டையை முடித்த அன்றைக்குத்தான், அந்த 3 மதிப்பெண் முதல் ஒரு மணி நேரத்துக்கான மதிப்பெண் என்பது எனக்குப் புரிந்தது.

இதில் விமர்சகரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. வெளியீட்டு நாளை ஒட்டிச் சில தினங்களுக்குள் ஆடி முடித்து, எழுதி, மதிப்பெண்ணும் போட்டாக வேண்டியது அவருடைய தொழில். மெதுவாகக் கற்றுக்கொடுக்கும் கேம்கள் இந்த அவசரத்தில் அடிபட்டுப் போகின்றன. இதே காட் ஹேண்டுக்கு மெட்டாக்ரிட்டிக் சராசரி 73 என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மற்ற விமர்சகர்களில் பலருக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஒரே ஒரு 3-ஐப் பார்க்கும்போது பக்கத்தில் மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்றும் பார்ப்பது நல்லது. சூப்பர்மேனுக்குப் பக்கத்தில் அப்படி ஒருவரும் நிற்கவில்லை.

டெட்லி பிரிமோனிஷன் கதையே வேறு. 2010-இல் ஐஜிஎன் 2 கொடுத்தது. டிஸ்ட்ரக்டாய்ட் தளம் பத்துக்குப் பத்து கொடுத்தது. விமர்சகர்களை மிக அதிகமாகப் பிளவுபடுத்திய சர்வைவல் ஹாரர் (உயிர் தப்பும் திகில் வகை) கேம் என்று கின்னஸிலேயே இடம்பிடித்தது. துப்பாக்கிச் சண்டை சலிப்பூட்டும், கார் ஓட்டுவது கொடுமை, வரைபடத்தில் வழி கண்டுபிடிக்கவே முடியாது, காட்சித் தரம் முந்தைய தலைமுறைக் கருவியுடையது. இவற்றில் ஒன்றைக்கூட நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் காருக்குப் பெட்ரோல் போட வேண்டும். வைப்பரும் இண்டிகேட்டரும் வேலை செய்யும். எஃப்பிஐ அதிகாரியான யார்க் சவரம் செய்யாவிட்டால் தாடி வளரும், சூட்டைத் துவைக்காவிட்டால் அவரைச் சுற்றி ஈ மொய்க்கும். ஊர்க்காரர் ஒவ்வொருவரும் தத்தம் நேரப்படி கடை திறந்து, வீடு திரும்பி, உறங்கப் போகிறார்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கலாம். ஹிடெடாகா சுவெஹிரோ என்ற இயக்குநர் இந்தச் சில்லறை விஷயங்களில் காட்டிய அக்கறையில் கால் பங்கைச் சண்டையில் காட்டியிருந்தால் இந்தப் பிளவே வந்திருக்காது. அப்படி ஆகியிருந்தால் நானும் இதைப் பற்றி இன்றைக்கு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

விமர்சகர்கள் விளம்பரக் காசுக்கு எழுதுகிறார்களா என்று கேள்வியின் கடைசி வரியில் ஒரு சந்தேகமும் இருக்கிறது. 2007 நவம்பரில் கேன் அண்ட் லிஞ்ச் என்ற கேமுக்கு 6 கொடுத்த விமர்சகர் ஜெஃப் கெர்ஸ்ட்மன் கேம்ஸ்பாட்டிலிருந்து நீக்கப்பட்டார்; அந்தச் சமயத்தில் தளம் முழுக்க அந்தக் கேமின் விளம்பரம் இருந்தது. அழுத்தம் இருந்ததை 2012-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் அந்த அழுத்தம் மதிப்பெண்ணை ஏற்றத்தான் வரும். மோசம் என்ற தீர்ப்பைக் காசு கொடுத்து வாங்குபவர் யாரும் இல்லை. ஆகவே சந்தேகப்பட வேண்டியது உயர்ந்த மதிப்பெண்களையே. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 வெளியாகும் முன்பு விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பை மட்டுமே கொடுத்தார்கள். கணினிப் பதிப்பின் சராசரி 86 என்றால் பிளேஸ்டேஷன் 4 பதிப்பின் சராசரி 57. ஒரே வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. கன்சோலில் ஆடுபவர் அந்த 86-ஐ நம்பி வாங்கியிருந்தால் வேறொரு கருவிக்கான தீர்ப்பை நம்பியதாகவே ஆகும்.

இதற்கு நேர்மாறாக, எல்லோராலும் கேலி செய்யப்பட்ட டைகட்டானா என்ற துப்பாக்கிச் சண்டை கேமின் பதிப்பு ஒன்று, கேம் பாய் கலர் என்ற கையடக்கக் கருவிக்கு வந்தது,, மேலிருந்து பார்க்கும் எளிய சாகச கேமாக மாறி, பெரிய பதிப்புகளைவிட நன்றாகவே வந்திருக்கிறது. சலிப்பாக இருக்கும் ஒரு நாளில் ஆடிப் பார்க்கலாம்.

மூன்றில் ஒன்றை மட்டும் முயலும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், டெட்லி பிரிமோனிஷன் 2019 முதல் ஸ்விட்சில் கிடைக்கிறது. தொடக்கச் சண்டைகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டி, கிரீன்வேல் ஊருக்குள் காரை ஓட்டும் இடம் வரைக்கும் ஆடிப் பாருங்கள். யார்க் பக்கத்தில் ஆளே இல்லாமல் ஸாக் என்பவரிடம் பழைய திரைப்படங்களைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே நீங்கள் காரின் வேகத்தைக் குறைத்தால், ஐஜிஎன் விமர்சகரும் நீங்களும் வேறு வேறு ஆட்கள். பேச்சைத் தவிர்க்கப் பட்டனைத் தேடினால், அந்த 2-ஐயே உங்கள் மதிப்பெண்ணாகவும் வைத்துக்கொண்டு வேறு கேமைப் பாருங்கள்.