கேள்வியை யார் எழுதுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொழில்நுட்ப அறவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். செயற்கை நுண்ணறிவின் அறம் பற்றி மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் ஆய்வுத் திட்டத்தில் சேர அழைத்திருக்கிறார்கள். நெறியாளர் போகச் சொல்கிறார். தத்துவம் தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை, கூட்டத்தில் சிந்தனை நடக்காது என்கிறான் நண்பன். என் ஆங்கிலம் சுமார்தான். தொழில்நுட்பம் பற்றி எழுதிய ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கரை முழுதாகப் படித்ததும் இல்லை. போகலாமா?

ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

ஆங்கிலத்தை விடுங்கள், பழகப் பழக வந்துவிடும். ஹைடெக்கர் எங்கும் ஓடிவிட மாட்டார். தனிமைச் சிந்தனையாளர் என்று உங்கள் நண்பர் யாரை நினைக்கிறாரோ, அவரும் பெரும்பாலும் இன்னொருவருக்கு மறுப்பு எழுதிக்கொண்டிருந்தவராகத்தான் இருப்பார்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் வேறொரு எரிச்சலில் இருந்தேன். முன்பு இப்படி ஒரு கூட்டுத் திட்டத்தில் நானும் இருந்தேன். முதல் இணையவழிக் கூட்டத்துக்கு முன்பே எல்லோருக்கும் பொதுவான வரைவுக் கோப்பு வந்துவிட்டது. முன்னுரை, கோட்பாடு, முறையியல் எல்லாம் நிரம்பியிருந்தன. ஏழாவது பிரிவின் தலைப்பு 'மேற்கத்தியமல்லாத பார்வைகள்'. அதன் கீழே மஞ்சள் நிறத்தில் என் பெயரும் '800 சொற்கள்' என்ற குறிப்பும். தனிமனிதத் தன்னாட்சியிலிருந்து ஏன் தொடங்குகிறோம், உறவிலிருந்தும் கடமையிலிருந்தும் தொடங்கினால் என்ன என்று முதல் பிரிவின் ஓரத்தில் கேட்டுவைத்தேன். 'மிகவும் சுவாரசியம்! ஏழாவது பிரிவில் சேர்த்துவிடுங்கள்' என்று பதில் வந்தது. அடுத்த நிமிடம் என் கேள்வியை 'தீர்ந்தது' என்று குறியிட்டு மூடிவிட்டார்கள். கெட்ட மனிதர்கள் இல்லை. மரியாதைக்கும் குறைவில்லை. அதனால்தான் சண்டை போடவும் முடியவில்லை.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவான 'மாரல் மெஷின்' இணையதளத்தைப் பார்த்திருப்பீர்கள். தானியங்கி காரில் பிரேக் பிடிக்கவில்லை. நேரே போனால் இவர்கள் சாவார்கள், திருப்பினால் அவர்கள். யாரைக் காப்பாற்றுவது? 2018-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் முடிவுகள் வந்தன. 233 நாடுகள், ஆட்சிப் பகுதிகளிலிருந்து கிட்டத்தட்ட 4 கோடி விடைகள். முதியவரைவிட இளையவரைக் காப்பாற்றும் விருப்பம் கிழக்கத்திய நாடுகளில் குறைவு என்பதெல்லாம் அதில் உண்டு. உலகமே கலந்துகொண்டது என்றார்கள். சரி, எதில் கலந்துகொண்டது? பொத்தானை அழுத்துவதில். அந்த வேகத்தில் காரை ஓட அனுமதித்தது யார், பிரேக்கைச் சோதித்தது யார், நடப்பவருக்கு ஏன் பாதை இல்லை என்று கேட்க அங்கே பொத்தான் கிடையாது. தவிர்க்க முடியாத விபத்தில் வயது, பால் பார்த்து ஆளைத் தரம் பிரிக்கவே கூடாது என்று தானியங்கி வாகனங்களுக்கான ஜெர்மனியின் அறநெறிக் குழு 2017-லேயே சொல்லிவிட்டது. அந்த விடைக்கும் இதில் இடமில்லை. 4 கோடி விடைகள் சேர்ந்தாலும் கேள்வி ஓர் அங்குலம் நகராது. உலகெங்கும் ஆள் சேர்த்துவிட்டால் சிந்தனையும் உலகளாவியதாகிவிடும் என்று நம்புகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

செயற்கை நுண்ணறிவின் அறம் பற்றிய யுனெஸ்கோவின் 2021 பரிந்துரையை நீங்கள் உதாரணம் காட்டக்கூடும். 193 நாடுகள் ஏற்றுக்கொண்ட ஆவணம். அது அரசுகள் கூடிப் பேசி எட்டிய உடன்பாடு. ஆய்வு வேறு.

நான் காட்ட விரும்புவது தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்களை. தங்கள் தலைவர்களிடம் கேட்காமலே மரபணு ஆய்வு நடந்த கசப்பு அவர்களுக்கு உண்டு. 2017-இல் ஆய்வாளர்களுக்கான நெறிமுறையை அவர்களே எழுதினார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை. ஆய்வு யோசனையைத் தொடங்கும் முன்பே சான் பேரவையிடம் கொண்டுவர வேண்டும். ஐரோப்பிய நிதியில் நடந்த ஒரு திட்டத்தின் ஊடாகத்தான் இது நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூட்டு ஆய்வே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை.

அதனால் போங்கள். கையெழுத்துப் போடும் முன் திட்ட முன்மொழிவை முழுசாக வாங்கிப் படியுங்கள். ஆய்வுக் கேள்விகளை மாற்ற இன்னும் இடமிருக்கிறதா என்று மின்னஞ்சலிலேயே கேளுங்கள். பேச்சில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார்கள்.

அப்புறம் ஒன்று. நெறியாளர் சொன்னது, நண்பன் சொன்னது, ஆங்கிலம், ஹைடெக்கர் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஆய்வுக் கேள்வி என்ன என்று ஒரு வரிகூட இல்லையே அம்மா! அடுத்த கடிதத்தில் அதை மட்டும் எழுதி அனுப்புங்கள்.