ஸ்டாம்ப் ஒட்டிவிட்டால் ரசீது ஆகிவிடுமா?

மஞ்சக்குப்பத்தில் கடைக் கணக்கும் வரிக் கணக்கும் எழுதிப் பிழைப்பவன் நான். ரசீது பற்றிக் கடலூர், பாண்டிப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வழக்கு என்று வந்தால் வக்கீலிடம் போங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் மளிகைக் கடைக்காரர்: பில்லும் ரசீதும் ஒண்ணுதானே சார்?

இல்லை. பில் "இவ்வளவு தரணும்" என்கிறது. ரசீது "வாங்கிக்கிட்டேன்" என்கிறது. காசை வாங்கிப் போட்டுக்கொண்டு பில்லைக் கிழித்துக் கொடுக்கும் கடையில் ஒரே தாள் இரண்டு வேலையும் பார்க்கிறது, அதனால்தான் குழப்பம். கடனுக்குச் சரக்கு எடுத்தால் பில் இன்றைக்கே வரும், ரசீது பணம் கட்டுகிற அன்றைக்குத்தான் வரும். ஜிஎஸ்டி-யில் முன்பணம் வாங்கினால் ரிசீட் வவுச்சர் என்று தனியாகவே உண்டு.

லாஸ்பேட்டை வாடகைதாரர்: அண்ணா, வாடகை 9,000. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டணுமா? பாண்டிக்கு வேற ரேட்டா?

ஒட்டணும். 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒரு ரூபாய் ஸ்டாம்ப். கிரயப் பத்திரத்துக்கெல்லாம் ஊருக்கு ஊர் ரேட் மாறும். ரசீதுக்கு ரேட் வைப்பது பாராளுமன்றம், அதனால் கடலூரானாலும் பாண்டியானாலும் அதே ஒரு ரூபாய்தான். 2004 வரை வரம்பு 500-ஆக இருந்தது. பெரியவர்கள் இன்னும் அதையே சொல்வார்கள்.

வீட்டுக்காரர் கையெழுத்து பாதி ஸ்டாம்ப் மேலும் பாதி தாள் மேலும் விழணும், தேதியோடு. இல்லாவிட்டால் அந்த ஸ்டாம்பை உரித்து வேறு தாளில் ஒட்டிவிடலாம். எந்த வீடு, எந்த மாதம் என்று கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். எதற்காக என்று இல்லாத ரசீது அரை ரசீது. உங்களுக்கு வருஷ வாடகை 1,08,000 வருகிறது. ஒரு லட்சம் தாண்டினால் ஹெச்ஆர்ஏ (சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப்படி) வரிச் சலுகைக்கு வீட்டுக்காரரின் பான் நம்பரையும் கேட்பார்கள்.

நெல்லிக்குப்பம்: ஸ்டாம்ப் ஒட்டாமலே எழுதிக் கொடுத்துட்டாங்க. செல்லாதா?

நல்ல கேள்வி. ஒட்டவேண்டிய ஸ்டாம்ப் இல்லாத தாளைக் கோர்ட் சாதாரணமாகச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளாது. ஆனால் 1899-ஆம் வருஷத்து முத்திரைச் சட்டம் ரசீதுக்கு ஒரு வழி விட்டிருக்கிறது. ரசீது எழுதிக் கொடுத்தவருக்கு எதிராகவே அதைக் காட்டுகிறீர்கள் என்றால், ஒரு ரூபாய் அபராதம் கட்டினால் போதும். ஒட்டவேண்டியவர் ஒட்டாமல் விட்டுவிட்டு, "ஸ்டாம்ப் இல்லையே" என்று நழுவக் கூடாது, அதுதான் கணக்கு. சட்டம் எழுதியவருக்கு ஊர் நடப்பு தெரிந்திருக்கிறது.

பண்ருட்டி: முந்திரித் தோப்புக்குத் தீர்வை ரசீது எல்லாம் அப்பா பேர்ல. தோப்பு எங்களுதுதானே?

ரசீது அப்படிச் சொல்லாது. இன்னார் பேரில் தீர்வை வந்தது என்று மட்டும் சொல்லும். உரிமைக்குப் பத்திரமோ, பாகப்பிரிவினையோ, உயிலோ வேண்டும். அனுபவத்தில் இருந்ததற்கு ரசீது துணை நிற்கும், அதனால் பழசு என்று எதையும் எடைக்குப் போடாதீர்கள்.

முதுநகர் மீன் வியாபாரி: இப்ப எல்லாம் ஜிபேதான். ஸ்கிரீன்ஷாட் இருக்க, ரசீது எதுக்கு?

பணம் போனது தெரியும், எதற்குப் போனது என்று தெரியாதே. 18,000 அனுப்பினீர்கள். ஐஸ் பாக்கியா, கைமாற்றா, அடுத்த மாச அட்வான்ஸா? ஸ்கிரீன்ஷாட்டைப் போலியாகவும் செய்கிறார்கள். 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வையுங்கள்.

வில்லியனூர் (குறுக்கே): பேங்க் ஸ்டேட்மென்ட்டை விடவா சார் ஒரு துண்டுச் சீட்டு உசத்தி?

பணம் போனதை நிரூபிக்க ஸ்டேட்மென்ட்தான் உசத்தி, ஒத்துக்கொள்கிறேன். கணக்குத் தீர்ந்ததை நிரூபிக்க அது போதாது.

முதுநகர்: அனுப்பும்போதே "ஐஸ் பாக்கி"ன்னு அடிச்சு விட்டா?

அடிக்கலாம். ஆனால் அடித்தது நீங்கள். வாங்கியவர் ஒப்புக்கொண்டால்தான் அது ரசீது. வாட்ஸ்அப்பில் அவரையே ஒரு வரி போடச் சொல்லுங்கள்: "ஜூன் மாச ஐஸ் பணம் 18,000 வந்தது, இனி பாக்கி 4,000."

வில்லியனூர்: அதைத்தானே நானும் சொன்னேன், தாளே வேணாம்னு!

நீங்கள் சொன்னது ஸ்டேட்மென்ட். நான் சொல்வது வாங்கியவர் வாக்கு. அது தாளில் இருந்தாலும் ஃபோனில் இருந்தாலும் வாக்குதான். ஃபோனில் இருப்பதைக் கோர்ட்டில் காட்ட, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டப்படி சான்றிதழும் சேர்த்துத் தரணும். ஃபோன் மாற்றும்போது சாட்டை அழித்துவிட்டு என்னிடம் வந்து நிற்காதீர்கள்.

முதலியார்பேட்டை: செக்கா வாங்கினா ஸ்டாம்ப் வேணாம்தானே?

வேண்டும். சட்டம் ரசீது என்று சொல்வதில் செக் வாங்கியதும் அடக்கம். கேட்காமல் விடுவது ஆபீஸ் வழக்கம்.

நெய்வேலி: 4,500 வாடகைக்கு ஸ்டாம்ப்?

மேலே படியுங்கள்.

விருத்தாசலம்: சரியா 5,000-னா?

"மேல் போனால்" என்று எழுதியிருக்கிறேன். ஸ்டாம்ப் கேள்வி இதோடு போதும்.

நேரு வீதிப் பக்கம்: மிக்ஸி பில்லைப் பத்திரமா வெச்சிருந்தேன், இப்ப வெறும் வெள்ளைத் தாள். வாரண்டி கிடைக்குமா?

அது சூட்டில் எழுத்து விழும் தாள், நாளானால் மங்கத்தான் செய்யும். லேமினேஷன் செய்தால் முழுக்கக் கறுத்துப் போகும். வாங்கிய அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். இப்போதைக்குக் கடையில் நகல் கேளுங்கள். கம்ப்யூட்டர் பில் என்றால் பெரும்பாலும் எடுத்துத் தருவார்கள். பில்லே தராமல் விற்பது 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம்.

கடலூர் கல்லூரி மாணவி: ஃபோன் தொலைஞ்ச புகாருக்கு ஸ்டேஷன்ல சிஎஸ்ஆர் கொடுத்தாங்க. அதுதான் எஃப்ஐஆரா?

இல்லைம்மா. புகாரை வாங்கிக்கொண்டோம் என்பதற்கான ரசீது, அவ்வளவுதான்.

குறிஞ்சிப்பாடி: பைனான்ஸ்காரர் வெத்துத் தாள்ல ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து கேக்கறார். "சும்மா ரசீதுக்குத்தான்"ங்கறார்.

போடாதீர்கள். பணம் வாங்கிய ரசீதுதான் வேண்டும் என்றால் தொகை, தேதி, எதற்காக மூன்றையும் உங்கள் கண் முன்னால் எழுதட்டும். ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதைப் புரோநோட்டாக, அதாவது கடனைத் திருப்பித் தருவேன் என்று நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டாக, பூர்த்தி செய்துகொள்ள அவருக்கு அதிகாரம் கொடுத்ததாக 1881-ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஏற்கனவே போட்டுவிட்டீர்கள் என்றால் இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் வக்கீலைப் பாருங்கள், என்னை அல்ல.