கேம்பர் வேன் கேள்வி பதில்: இந்த முறை முழுக்க எண்ணெய் ஒழுகல்

கேள்வி: சார், என்னிடம் இருப்பது 1974 மாடல் ஃபோக்ஸ்வாகன் கேம்பர் (படுத்துத் தூங்க வசதியுள்ள வேன்), 1600 சிசி ஏர்கூல்டு, அதாவது காற்றால் குளிரும் என்ஜின். என்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் சொட்டுகிறது. ஃப்ளைவீல் (என்ஜின் முனையில் சுழலும் கனமான சக்கரம்) பக்கத்தில் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் சீல்தான் என்று சொல்லி இரண்டு தடவை என்ஜினை இறக்கி மாற்றியாகிவிட்டது. மூன்றே வாரத்தில் திரும்பவும் அதே சொட்டு. சீல் மட்டமா, போட்டவர் கை மட்டமா?

பதில்: இரண்டுமே இல்லாமல் இருக்கலாம். முதலில் ஒரு விஷயம் சொல்லுங்கள், அந்தச் சொட்டை விரலில் தொட்டு மோந்து பார்த்தீர்களா? சும்மா கேட்கவில்லை. அந்தக் கூட்டுக்குள் இரண்டு சீல்கள் இருக்கின்றன, ஒன்று என்ஜின் பக்கம், இன்னொன்று கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டில். எது ஒழுகினாலும் கீழே ஒரே இடத்தில்தான் சொட்டும். கியர் ஆயிலில் கந்தகம் கலந்திருப்பதால் அதன் நாற்றம் தனி, ஒருமுறை மோந்தவர் மறக்க மாட்டார். கியர் ஆயில் என்றால் இரண்டு தடவை என்ஜினை இறக்கியது வீண் வேலை, பாவம்.

என்ஜின் ஆயில்தான் என்றால், சீலின் உதடு உரசுகிற ஃப்ளைவீல் கழுத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஐம்பது வருடம் உரசியதில் பள்ளம் விழுந்திருந்தால் எவ்வளவு நல்ல சீலைப் போட்டாலும் அந்தப் பள்ளத்தின் வழியாக எண்ணெய் வரும். அப்படியே ஃப்ளைவீலுக்குள் இருக்கும் ஓ-ரிங்கைப் புதிதாகப் போட்டார்களா என்றும் கேளுங்கள். பெரிய சீலை மாற்றிவிட்டு இந்தச் சின்ன வளையத்தை மறப்பவர்கள் நிறைய. அப்புறம் கிராங்க் ஷாஃப்ட்டின், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டின் முன்பின் ஆட்டம். அது 0.07 முதல் 0.13 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், 0.15-ஐத் தாண்டினால் ஷாஃப்ட் முன்னும் பின்னும் இடித்துக்கொண்டே இருக்கும், சீல் தாங்காது. ஃப்ளைவீலுக்குப் பின்னால் கேம் ஷாஃப்ட் துளையை அடைக்கும் மூடி ஒன்றும் உண்டு, அதுவும் கசியும்.

இதற்கெல்லாம் முன்னால், என்ஜினை இறக்காமலே பார்க்கக்கூடியது பிரீதர் குழாய். பிஸ்டன் ரிங் தேய்ந்த பழைய என்ஜினில் எரிந்த வாயு கொஞ்சம் கீழே இறங்கத்தான் செய்யும், அது வெளியேறும் வழி அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமோ அதைத் தள்ளிக்கொண்டு எண்ணெய் வெளியே வரும். இது தெரியாமல் சீலை மட்டும் மாற்றினால் இன்று ஒன்று, நாளை இன்னொன்று. ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலும் இதே கதைதான், இந்த என்ஜினுக்கு 2.5 லிட்டர் போதும்.

கடைசியாக ஒன்று. எண்ணெய் சொட்டுகிற இடமும் கிளம்புகிற இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். மேலே இருக்கும் ஆயில் பிரஷர் சுவிட்சோ ஆயில் கூலரின் ரப்பர் சீலோ கசிந்தாலும் அது வழிந்து வந்து அந்த மூலையில்தான் சொட்டும். அதனால் மூன்றாவது தடவை என்ஜினை இறக்கும் முன் இதைச் செய்யுங்கள்: என்ஜினை டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்) போட்டு நன்றாகக் கழுவி, காயவிட்டு, சந்தேகமுள்ள இடங்களில் டால்கம் பவுடரைத் தூவி, 15 கி.மீ. ஓட்டிவிட்டு டார்ச் லைட்டோடு பாருங்கள். ஈரமான இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ, அங்கிருந்து தேட ஆரம்பியுங்கள்.

கேள்வி: கசிவை நிறுத்தும் திரவம் என்று பாட்டிலில் விற்கிறார்களே, ஆயிலில் கலந்தால் வேலை செய்யுமா?

பதில்: காய்ந்து இறுகிய ரப்பர் சீலைக் கொஞ்சம் ஊறவைத்து இளக்கும், அவ்வளவுதான். கார்க் பேக்கிங்கையோ பேப்பர் பேக்கிங்கையோ ஒன்றும் செய்யாது, தேய்ந்த உலோகத்தைத் திரும்ப வளர்க்கவும் செய்யாது. பயணத்தின் நடுவில் வீடு வந்து சேர வேண்டும் என்றால் ஊற்றுங்கள். நான் ஊற்ற மாட்டேன்.

கேள்வி: ஏர்கூல்டு வேன்தான். ஹீட்டரைத் திறந்தால் எண்ணெய் கருகும் வாடை உள்ளே வருகிறது. கண்ணாடியை இறக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அவசரமாகப் பார்க்க வேண்டிய விஷயமா?

பதில்: ஆமாம், இன்றைக்கே ஹீட்டரை மூடுங்கள். இந்த வண்டிகளில் ஹீட்டர் காற்று சூடாவதே எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றியுள்ள உறைக்குள் புகுந்து வருவதால்தான், டேப்பட் கவரும் (வால்வுகளின் மேல் மூடி) புஷ்ராட் குழாய்களும் (வால்வுகளை இயக்கும் கம்பிகள் செல்லும் குழாய்கள்) அதற்கு நேர் பக்கத்திலும் மேலேயும். அங்கே கசிந்தால் சூட்டில் விழுந்து கருகும். கருகல் வாடையாவது உங்களுக்கு எச்சரிக்கை கொடுக்கிறது. அந்த உறைக்குள் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் வருவது கார்பன் மோனாக்சைடு, அதற்கு வாடையே கிடையாது. எக்ஸாஸ்ட் முழுவதையும் சோதித்துவிட்டு, படுக்கும் இடத்தில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டுங்கள்.

டேப்பட் கவர் சுலபமான வேலை. கம்பி கிளிப்பை நெம்பி எடுத்து, பழைய கார்க்கைச் சுரண்டி, புதியதைக் கவர் பக்கம் மட்டும் ஒட்டுங்கள், சிலிண்டர் ஹெட் பக்கம் பசையே வேண்டாம். சிலிக்கான் பேஸ்ட்டைத் தாராளமாக அப்பிவிடலாம் என்று தோன்றும். நானும் ஒருமுறை அப்பினேன், உள்ளே பிதுங்கிய துண்டுகள் அடுத்த ஆயில் மாற்றத்தின்போது சல்லடையில் புழு மாதிரி சிக்கியிருந்தன. எண்ணெய் உறிஞ்சும் வழியே அடைத்திருக்கும், தப்பித்தேன். கவரைக் கழற்றியதோடு கழற்றியதாக டேப்பட் இடைவெளியையும் பார்த்துவிடுங்கள், என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது 0.15 மி.மீ.

புஷ்ராட் குழாய்தான் கசிகிறது என்றால் வேலை பெரிது. எட்டுக் குழாய், இரண்டு முனையிலும் சீல், ஒழுங்காகச் செய்ய ஹெட்டைக் கழற்ற வேண்டும். ஸ்பிரிங் வைத்துச் சுருங்கி விரிகிற மாற்றுக் குழாய்கள் கிடைக்கின்றன, ஹெட்டைத் தொடாமல் மாட்டலாம். ஒரே ஒரு குழாய்தான் தகராறு என்றால் அது போதும்.

கேள்வி: நானே ஆயில் மாற்றினேன். அதுவரை ஒழுகாத அடித்தட்டு இப்போது ஒழுகுகிறது. நட்டை எவ்வளவு இறுக்கியும் நிற்கவில்லை.

பதில்: இறுக்கியதுதான் காரணம். நீங்கள் சொல்லும் அடித்தட்டு எண்ணெய்ச் சல்லடையைத் தாங்கும் தட்டு, அதன் ஆறு சின்ன நட்டுகளுக்கும் 7 நியூட்டன் மீட்டர் போதும், அதாவது சின்ன ஸ்பானரை இரண்டு விரலால் பிடித்து இறுக்குகிற அளவு. அதற்கு மேல் போனால் தட்டு வளையும், இன்னும் போனால் மரையே பிடுங்கிக்கொண்டு வரும். தட்டைக் கழற்றிச் சமதளத்தில் வைத்துத் தட்டி நேராக்குங்கள், இரண்டு பேக்கிங்கும் செம்பு வாஷர்களும் புதியதாகப் போடுங்கள்.

கேள்வி: எவ்வளவு ஒழுகினால் பரவாயில்லை?

பதில்: நிறுத்திய பிறகு அட்டையில் இரண்டு மூன்று சொட்டு என்றால் எனக்குத் தூக்கம் கெடாது. எக்ஸாஸ்ட்டிலோ கிளட்ச்சிலோ பிரேக்கிலோ படுகிறது என்றால் ஒரு சொட்டும் அதிகம். பின் சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் அது பிரேக் ஆயிலா கியர் ஆயிலா என்று தெரியும்வரை ஓட்டாதீர்கள். டிப்ஸ்டிக்கை வாரம் ஒருமுறை சமதளத்தில் பாருங்கள். சிவப்பு விளக்கு எரியட்டும் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அது ஆயில் குறைந்ததற்கு எரிவதில்லை, அழுத்தம் போன பிறகுதான் எரியும்.

கேள்வி: இரண்டு வருடமாக நின்ற பெட்ரோல் கேம்பரை வாங்கப் போகிறேன். பேட்டரி மாட்டி ஸ்டார்ட் செய்யலாமா?

பதில்: சாவியைத் தொடும் முன் பெட்ரோல் ஹோஸ்களை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால், ஏன், தெரியாவிட்டாலும், எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், கிளிப்புகளோடு சேர்த்து. இந்த வண்டிகள் தீப்பிடிப்பதற்கு எண்ணெய் ஒழுகலைவிட இந்த ரப்பர்தான் பெரிய காரணம். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலையும் வடித்துவிடுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், அதையும் மாற்றுங்கள், அதன்பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2314 என்றால் 2014-ன் 23-வது வாரம் செய்தது, டயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த வயதில் கேம்பரின் எடையைச் சுமக்க விடாதீர்கள்.

பிறகு புது ஆயில் ஊற்றி, இக்னிஷன் காயிலுக்கு வரும் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். அணைந்ததும் வயரை மாட்டி ஸ்டார்ட் செய்யலாம். சீல்கள் காய்ந்திருக்கும், முதல் நாட்களில் நாலு இடத்தில் ஒழுகும். உடனே என்ஜினைப் பிரிக்காதீர்கள், ஒரு 300 கி.மீ. ஓட்டிவிட்டு, அப்போதும் எது ஒழுகுகிறது என்று பார்த்து எழுதுங்கள்.